பிரியாணிக்கு ஆள் இருக்கு, டீசலுக்கு ஆள் இல்ல: எங்க பக்கத்து டே கேர் சென்டர் ரிவ்யூ

18 வயசு தாண்டுன, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைங்க பகல்ல போய் இருக்க கன்னியாகுமரி மாவட்டத்துல நல்ல இடம் ஏதாவது இருக்கான்னு மாசத்துக்கு ஒருத்தராவது கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல அரை மணி நேரம் பேசி தொண்டை போச்சு, அதனால எனக்க தம்பி போற சென்டரப் பத்தி இங்கயே எழுதிப் போட்டுடறேன். தக்கலைக்கும் குளச்சலுக்கும் நடுவுல இருக்கு, ஒரு டிரஸ்ட் நடத்துது, கவர்மென்ட் கிராண்டும் கொஞ்சம் வருது. பேரு போட மாட்டேன். குத்தம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு, அங்க வேல பாக்குற டீச்சர்மாருக்கு ஏற்கனவே சம்பளம் லேட்டா தான் வருது, அதுக்கு மேல என்னால ஒரு தொந்தரவு வேண்டாம். நான் சொல்ற விஷயம் அந்த ஒரு சென்டரப் பத்தி மட்டும் இல்ல, காசு எந்த வழியா வருதுங்கறதப் பொறுத்து சென்டரே எப்படி மாறுதுன்னு தான் சொல்லப் போறேன், ஏன்னா போன ஜூன்ல இருந்து அங்க ஒரு புது முறையை ட்ரை பண்ணிப் பாக்குறாங்க.

தம்பிக்கு 27 வயசு. 75 சதவீத சர்டிபிகேட், அதாவது மிதமான குறைபாடு. சாப்பிடுவான், குளிப்பான், சட்டை போடுவான் ஆனா பட்டன் மேல கீழ மாத்திப் போடுவான், ரூபா கணக்கு தெரியாது, தெரிஞ்ச ஆளைக் கண்டா விட மாட்டான். சத்தம் கூடுனா மட்டும் தலையில அடிச்சுக்குவான், சில நேரம் பக்கத்துல இருக்கவங்களுக்கும் ஒண்ணு விழும். 18 வரைக்கும் ஸ்பெஷல் ஸ்கூல் இருந்துச்சு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 6 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி உரிமைன்னு தெளிவா எழுதி வச்சிருக்கு, 18 முடிஞ்ச மறுநாள் காலைல எங்க போறதுன்னு கேட்டா சட்டத்துக்கே வாய் அடைச்சுப் போகுது. அம்மை அண்டி ஆபீசுக்கு முந்திரி உடைக்கப் போயிட்டு இருந்தவ, அவன் ஸ்கூல் நின்ன அன்னைக்கே அந்த வேலையும் நின்னுச்சு. அப்பா ரப்பர் பால் வெட்டு, மழை பெய்ஞ்சா வெட்டு இல்ல, நம்ம ஊருக்கு வருஷத்துல ரெண்டு மழை. மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

சரி சென்டர். ஓட்டுக் கட்டடம், முன்னால பெரிய மாமரம், மதில் புதுசா பெயிண்ட் அடிச்சது (மதில் எப்பவுமே புதுசா தான் இருக்கும், ஏன்னு கீழ வரும்). காலைல ஒன்பதரைல இருந்து மூணரை. முப்பது பேருக்கு பக்கத்துல இருக்காங்க, 18ல இருந்து 50 வயசு வரைக்கும். ரெண்டு ஸ்பெஷல் டீச்சர், ரெண்டு ஆயா, பிசியோ ஒருத்தர் வாரத்துல ரெண்டு நாள். வேலைன்னு பாத்தா பேப்பர் கவர் ஒட்டுறது, பினாயில் கலக்கி பாட்டில்ல ஊத்துறது, பனை ஓலைப் பெட்டி, தோவாளைல இருந்து பூ வந்தா பூ கட்டுறது. தம்பி பினாயில் பாட்டிலுக்கு மூடி போடுற ஆளு. அதுல அவனுக்கு ஒரு கெத்து, வீட்டுல எந்த பாட்டில் மூடியும் இப்ப நாங்க தொடக் கூடாது.

டீச்சர்மாருக்கு முழு மார்க். சும்மா புகழல. அவன் தலையில அடிக்க ஆரம்பிச்சா முன்னாடி எல்லாரும் கையப் பிடிச்சு வைப்பாங்க, பிடிச்சா இன்னும் கூடும். ஒரு டீச்சர் மூணு வாரம் போல ஒரு நோட்டுல எழுதி வச்சாங்க, எந்த நேரத்துல அடிக்கான், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அதுக்குப் பிறகு என்ன நடந்துச்சுன்னு. கடைசில பாத்தா மிக்சி சத்தம். சமையல் கட்டுல தேங்காய் அரைக்குற நேரத்துல மட்டும் தான் அடிக்கான். இப்ப அந்த நேரத்துக்கு அவனையும் இன்னும் ஒருத்தனையும் மாமரத்தடிக்கு பூ கட்ட அனுப்பிடறாங்க, அவ்வளவு தான், அடி பாதிக்கு மேல கொறஞ்சு போச்சு. இதுக்கு மருந்தும் இல்ல மெஷினும் இல்ல, நோட்டுல எழுத நேரம் இருக்க ஒரு டீச்சர் வேணும். அந்த நேரத்துக்கு தான் எந்த கிராண்ட்லயும் ஒரு வரி கிடையாது.

சாப்பாடு. இதுல குறையே சொல்ல முடியாது, சொன்னா நாக்கு அழுகிடும். கஞ்சியும் சிறுபயறும் உள்ள நாள் நல்லா இருக்கும், மரச்சீனியும் மீன் கறியும் உள்ள நாள் அதை விட நல்லா இருக்கும், பிரச்சினை என்னன்னா அந்த நாளே வரமாட்டேங்குது, ஏன்னா தினமும் யாருக்காவது பொறந்த நாள், கல்யாண நாள், இல்லன்னா அப்பாவுக்கு ஆண்டு நினைவு. துபாய்ல இருந்து மகன் காசு அனுப்புவான், குடும்பமே வந்து பிரியாணி பரிமாறி போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. ஒரே நாள்ல மூணு குடும்பம் வந்து நின்ன கதையும் உண்டு. டாக்டர் எடை கூடுது கவனிங்கன்னு சொன்ன பிள்ளைங்க அங்க பாதிப் பேரு. குடுக்குறவங்க மனசு நல்ல மனசு தான், அதை நான் குத்தம் சொல்லல, ஆனா பிரியாணிக்கு இருக்க ஆள் டீசலுக்கு இல்ல.

டீசல் தான் இந்த ரிவ்யூவே. டே கேர் சென்டர்னா கட்டடம்னு நினைக்கறீங்க, டீச்சர்னு நினைக்கறீங்க, வீட்டுல இருக்க எங்களுக்கு அது வண்டி. காலைல எட்டரைக்கு ரோட்டு முக்குல வண்டி வந்து நின்னா சென்டர் உண்டு, வரலன்னா அது இல்ல. 2021ல இருந்து டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளிக்கும் கூட போற ஒருத்தருக்கும் டிக்கெட் இல்ல, நல்ல விஷயம், அம்மைக்கு பொம்பளைங்கறதால எப்படியும் ஃப்ரீ தான். ஆனா கொண்டு விட்டுட்டு வீட்டுக்கு வந்து மறுபடி கூப்பிடப் போயி திரும்பி வரணும், நாலு பஸ், அதுவும் ஸ்கூல் நேரத்துக் கூட்டத்துல, தம்பி சத்தம் தாங்க மாட்டான்னு மேல சொன்னேன்ல. டிக்கெட் ஃப்ரீ, அம்மைக்க நேரம் ஃப்ரீயா? அண்டி ஆபீசுல பாதி நாளைக்கு கூலி தருவாங்களா?

அப்ப இந்த வண்டிக்கு காசு எங்க இருந்து வருது. டிரஸ்ட் மேனேஜர் சார் கிட்ட ஒரு நாள் உக்காந்து கேட்டேன், மனுசன் மறைக்காம சொன்னாவ. இவங்க வாங்குற கிராண்ட்ல டீச்சர் சம்பளம் உண்டு, சாப்பாட்டுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு உண்டு, டீசலுக்கும் டிரைவருக்கும் இல்ல. அதுவும் முதல்ல கைக்காசப் போட்டு செலவு பண்ணி, பில்லு, ரிஜிஸ்டர், போட்டோ எல்லாம் அனுப்பி, இன்ஸ்பெக்‌ஷன் வந்து போயி, பிறகு தான் பணம் ஏறும். இன்ஸ்பெக்‌ஷன் வர்றவங்க என்னத்த பாப்பாங்க, கட்டடத்தைத் தானே, அதான் மதில் எப்பவும் புதுப் பெயிண்ட். வெளிநாட்டுல இருந்து கொஞ்சம் வந்துட்டு இருந்துச்சாம், 2020ல வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்துன பிறகு ஒரு டிரஸ்ட் இன்னொரு டிரஸ்டுக்கு அந்தக் காசை மாத்திக் குடுக்க முடியாதுன்னு ஆகிப் போச்சு, பெரிய டிரஸ்ட் கிட்ட இருந்து வாங்கிட்டு இருந்த இவங்களுக்கு அதும் நின்னு போச்சு. கடைசில வண்டி வாரத்துல மூணு நாள்னு ஆச்சு. வாரத்துல மூணு நாள் வேலைக்கு வர்ற ஆளை எந்த அண்டி ஆபீசுல வைப்பாங்க.

இன்னொரு பக்கம் வீட்டுக்கு வர்ற காசு. அறிவுசார் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல இருந்தா தமிழ்நாடு அரசு மாசம் 2,000 ரூபா பராமரிப்பு உதவித்தொகை குடுக்குது, 2023 ஜனவரிக்கு முன்னாடி 1,500 தான் இருந்துச்சு. எங்களுக்கு அது ஒழுங்கா அக்கவுண்ட்ல ஏறுது, அதுல பொய் சொல்லக் கூடாது. ஒன்றிய அரசு ஓய்வூதியத்துல போடுற பங்கு 300 ரூபா, அதுவும் 80 சதவீதத்துக்கு மேல, வறுமைக் கோட்டுக்கு கீழ இருந்தா தான். ஆக ஒரு காசு கட்டடத்துக்கு போகுது, ஒரு காசு வீட்டுக்கு வருது, ரெண்டுக்கும் நடுவுல இருக்க அஞ்சு கிலோமீட்டர் ரோட்டுக்கு மட்டும் யாரும் பொறுப்பு இல்ல.

இனி அந்தப் புது முறை. போன ஜூன்ல பெத்தவங்க எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சு சொன்னாங்க. அதுவரைக்கும் ஆளுக்கு மாசம் 800, வசதி உள்ளவங்களும் 800, கூலி வேலைக்காரங்களும் 800, வண்டி வந்தாலும் வராட்டாலும் 800. அதை உடைச்சாங்க. சீட்டுக்கு தனி, வண்டிக்கு தனி. சீட்டுக்கு அவங்கவங்க வருமானத்துக்கு ஏத்த மாதிரி, சில பேருக்கு ஒண்ணுமே இல்ல. வண்டியை பெத்தவங்க கமிட்டி கையில குடுத்துட்டாங்க, டிரைவர் சம்பளம், டீசல், டயர் எல்லாம் கமிட்டி கணக்கு, ரூட் எதுன்னு கமிட்டி தான் முடிவு பண்ணும். முழு நாள் உக்கார முடியாதவங்களுக்கு அரை நாள். மாசத்துல ரெண்டு சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பிள்ளைய வச்சுக்கிடுவாங்க, வீட்டுல உள்ளவங்க கல்யாணம், ஆஸ்பத்திரின்னு போயிட்டு வரலாம்.

வண்டி விஷயம் தான் இதுல சூப்பர் ஹிட். கமிட்டில ஒரு அம்மா, கருங்கல் பக்கம், மகளிர் குழு கணக்கு பாத்த கை. அவங்க சொன்ன ஐடியா: சாப்பாடு குடுக்க வர்றவங்க கிட்ட "சாப்பாடு நிறைய ஆகிப் போச்சு, ஒரு நாள் டீசல் போடுங்க"ன்னு கேப்போம். முதல்ல யாரும் அசையல. பிள்ளைங்க சாப்பிடுறத போட்டோ எடுக்கலாம், டீசல் குடிக்குறத எப்படி எடுக்கது! அப்புறம் வண்டிக்க முன்னால ஒரு கருப்பு போர்டு மாட்டி "இன்றைய டீசல் உபயம்"னு போட்டு பேரு எழுத ஆரம்பிச்சாங்க. கேட்டீளா, ரெண்டே மாசத்துல வண்டி அஞ்சு நாளும் ஓட ஆரம்பிச்சுட்டு. எங்க ஊர்ல ஒருத்தர் பேரனுக்க முதல் பொறந்த நாளுக்கு ஒரு வாரம் டீசல் போட்டாரு, வண்டிய குளச்சல் வழியா சுத்தி ஓட்டச் சொன்னாரு, சொந்தக்காரங்க எல்லாரும் பாக்கணுமாம். அம்மை இப்ப திரும்ப அண்டி ஆபீசுக்கு போறா. எனக்கு இந்தச் சென்டருக்க ரிசல்ட் அது தான், அவன் எத்தன பேப்பர் கவர் ஒட்டுனான்ங்கறது இல்ல.

ஆனா போர்டுல பேரு இல்லாத நாளும் வரும்ல. ஆடி மாசம் ஆளே இல்ல. அன்னைக்கு கமிட்டி கைக்காசு தான். உபயத்துல ஒரு கோவில் திருவிழாவ நடத்தலாம், வருஷம் முழுக்க ஒரு பொது சேவைய நடத்த முடியாது. இதை அந்தக் கருங்கல் அம்மாவே சொல்றாங்க, "இது நமக்கு வண்டி ஓடும்னு காட்டத்தான் மக்களே, ஓட வைக்க வேண்டியது கவர்மென்டு"ன்னு.

அரை நாள் முறையும் சனிக்கிழமையும் பரவாயில்ல. சனிக்கிழமைக்கு ஆயாவுக்கு கூடுதல் சம்பளம் யாரு குடுக்கதுன்னு இன்னும் பேச்சு நடக்கு.

எனக்கு பிடிக்காதது இன்னொண்ணு. இந்தப் புது ஏற்பாட்டோட சேத்து ஒரு கம்பெனியோட சிஎஸ்ஆர் காசும் (கம்பெனிங்க சமூக சேவைக்குன்னு ஒதுக்குற காசு) வந்துச்சு, அவங்க கண்டிஷன் என்னன்னா ரிசல்ட்டுக்கு காசு. எத்தன பேருக்கு வெளில வேல கிடைச்சுதோ அத்தன பேருக்கு இவ்வளவு. கேக்க நல்லா தான் இருந்துச்சு. ரெண்டு பையங்களுக்கு வேலையும் கிடைச்சுது, ஒருத்தன் சூப்பர் மார்க்கெட்டுல ட்ராலி அடுக்குறான், ஒருத்தன் பேக்கரில பாக்ஸ் மடிக்கிறான், பாக்கையில சந்தோசமா இருக்கு, பொய் சொல்லல. ஆனா அந்த ரெண்டு பேருக்கும் சென்டர் இல்லாட்டாலும் கொஞ்ச நாள்ல கிடைச்சிருக்கும்ங்கறது எல்லாருக்கும் தெரியும், பேசுவான், பஸ் ஏறுவான், சிரிப்பான். அவங்கள தயார் பண்ண டீச்சர் நேரம் எல்லாம் அங்க போச்சு, நோட்டு எழுதுன டீச்சருக்கு நோட்டு எழுத நேரம் இல்லாம ஆச்சு. பின் ரூம்ல வீல் சேர்ல இருக்க பிள்ளைங்க, வலிப்பு உள்ள பிள்ளைங்க, எனக்க தம்பி மாதிரி அடிக்குற பிள்ளைங்க எல்லாம் "ரிசல்ட் வராத" லிஸ்ட். புது அட்மிஷனுக்கு வந்த ஒரு பிள்ளை ஓடிப் போற பழக்கம் உள்ளதுன்னு தெரிஞ்சதும் "இடம் இல்ல"ன்னு சொன்னத நானே என் காதால கேட்டேன், முந்துன நாள் தான் ரெண்டு சீட் காலின்னு எனக்கு சொன்னாவ. யாரும் கெட்டவங்க இல்ல. தலைக்கு இவ்வளவுன்னு காசு குடுத்தா சுளுவான தலையத் தான் எவனும் எண்ணுவான். கஷ்டம் கூடுன ஆளுக்கு கூடுதல் காசுன்னு இருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல. அது ஒண்ணும் புது யோசனையும் இல்ல, 2016 சட்டத்துல 38ம் பிரிவே அதிக ஆதரவு தேவைப்படுறவங்கன்னு தனியா சொல்லுது, விண்ணப்பிச்சு, ஒரு போர்டு மதிப்பீடு பண்ணி, அதுக்கு ஏத்த ஆதரவு குடுக்கணும்னு இருக்கு.

நம்ம சித்தி மக ஒருத்தி கேரளாவுல பாறசாலை தாண்டி கல்யாணம் பண்ணிப் போயிருக்கா, அவளுக்க நாத்தனாருக்கு இதே மாதிரி ஒரு பொண்ணு. அங்க பட்ஸ் ஸ்கூல்னு இருக்கு. 2004ல திருவனந்தபுரத்துக்கு பக்கத்துல வெங்ஙானூர் பஞ்சாயத்துல முதல்ல ஆரம்பிச்சது, இப்ப கேரளா முழுக்க இருக்கு. 18 வரைக்கும் ஸ்கூல், 18க்கு மேல பட்ஸ் ரிஹாபிலிடேஷன் சென்டர், ரெண்டும் பஞ்சாயத்து நடத்துது, குடும்பஸ்ரீ (அங்க உள்ள மகளிர் குழு அமைப்பு) கூட நிக்குது. 1996ல அங்க மக்கள் திட்டம்னு கொண்டு வந்து மாநிலத் திட்டப் பணத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல உள்ளாட்சிக்கு பிரிச்சுக் குடுத்தாங்க, அந்தக் காசு இருக்கதுனால தான் பஞ்சாயத்து வண்டி வாங்குது, டிரைவர் வைக்குது. அவ சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கல: வண்டி வரலன்னா வார்டு மெம்பர் வீட்டு வாசல்ல போய் நிப்போம், அவரு அடுத்த எலக்‌ஷனுக்கு நிக்கணும்ல. எங்களுக்கு யார் வாசல்ல நிக்கணும்னு தெரியல. அங்கயும் எல்லாம் தேனும் பாலும் இல்ல, டீச்சர்மாரு ஒப்பந்தத்துல தான் இருக்காவ, ஒரு பஞ்சாயத்துல நல்லா நடக்கும் அடுத்ததுல கதவே திறக்காதுன்னு அவளே சொன்னா.

1956 நவம்பர் 1 வரைக்கும் நாமளும் திருவிதாங்கூர்-கொச்சி தான். வயசானவங்க இன்னும் "ஊளன்பாறைக்கு கொண்டு போகணும்"னு கேலி பேசுவாங்க, மனநோய்னா அந்தக் காலத்துல திருவனந்தபுரத்துல உள்ள அந்த ஒரு ஆஸ்பத்திரி தான் தெரியும். இப்ப ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்லயே மனநல ஓபி இருக்கு, 14416க்கு போன் பண்ணா டெலிமானஸ்ல, அதாவது கவர்மென்ட் மனநல போன் உதவில, தமிழ்ல பேசலாம். மருந்து வாங்க ஊளன்பாறை வேண்டாம்னு ஆகிப் போச்சு, ஆனா மருந்து வேண்டாத, பகல் பொழுது மட்டும் வேணுங்குற தம்பி மாதிரி ஆளுக்கு பாறசாலைல இருக்கது எல்லைல உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இல்ல. நம்ம மாவட்டத்துல இத்தன பேரூராட்சி இருக்கு, ரெண்டு மூணு பேரூராட்சி சேர்ந்து ஒரு வண்டி, ஒரு சென்டர்னு ஒரு வருஷம் சோதனையா பண்ணிப் பாக்கலாமே?

கையில காசு குடுத்துடுங்க, நாங்களே பாத்துக்கிடுறோம்னு சொல்றவங்களும் உண்டு. நம்ம ஊர் நர்ஸ் பிள்ளைங்க நிறைய பேரு ஆஸ்திரேலியால இருக்காங்க, சொந்தத்துல ஒருத்தி ஜீலாங்ல. அங்க என்டிஐஎஸ்னு ஒரு ஏற்பாடு, 2013 ஜூலைல சில இடத்துல மட்டும் சோதனையா தொடங்குனாங்க, அதுல அவ ஊரும் ஒண்ணு. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா திட்டம் போட்டு, இவ்வளவு காசு இவருக்குன்னு ஒதுக்கிடுவாங்க, எந்த சென்டர், எந்த தெரப்பிஸ்ட், எந்த வண்டின்னு குடும்பம் முடிவு பண்ணும், போக்குவரத்துக்கும் அதுல இடம் உண்டு. கேட்டா வாயில எச்சி ஊறும். ஆனா செலவு அவங்க நினைச்சதுக்கு மேல போயிட்டு, இந்தத் திட்டத்துக் காசுன்னு தெரிஞ்சா ரேட்ட ஏத்துற ஆளுங்களும் வந்துட்டாங்க, 2023ல முழுசா மறுஆய்வு பண்ணாங்க. அதை விடுங்க, இங்க நாளைக்கே எனக்க கையில மாசம் பத்தாயிரம் குடுத்தா நான் எங்க கொண்டு போய் குடுக்க? எங்க வீட்டுல இருந்து போற தூரத்துல 18க்கு மேல எடுக்குற இடம் இந்த ஒண்ணு தான். வாங்க கடையே இல்லாத ஊர்ல காசு மட்டும் குடுத்து பிரயோஜனம் இல்ல, முதல்ல கடைய திறக்கணும்.

தமிழ்நாடு அரசு உலக வங்கி கடன் வாங்கி ரைட்ஸ் திட்டம்னு ஒண்ணு நடத்துது, 1,700 கோடிக்கு மேல, உலக வங்கி 2022ல 16 கோடியே 20 லட்சம் டாலர் ஒத்துக்கிச்சு. விழுதுகள்னு பேரு வச்ச ஒரே இடத்து சேவை மையம், தெரப்பி வண்டி, வீடு வீடா கணக்கெடுப்பு எல்லாம் அதுல இருக்கு. தெரப்பி வீட்டுப் பக்கம் வர்றது சின்னப் பிள்ளைங்களுக்கு ரொம்ப நல்லது, சீக்கிரம் கண்டுபிடிச்சா பாதி கஷ்டம் கொறையும். 27 வயசு ஆளுக்கு மாசத்துல சில மணி நேரம் தெரப்பியும் வேணும்தான், அதை விட தினமும் ஆறு மணி நேரம் போய் இருக்க ஒரு இடம் வேணும். அதுல எவ்வளவு காசு இந்த வயசுக்கு ஒதுக்குறாங்கன்னு தான் நான் பாத்துட்டு இருக்கேன்.

சென்டர்ல ஒரு நல்ல காரியம், பேப்பர் வேலைக்கு உதவுறாங்க. 18 முடிஞ்சா அம்மை அப்பா கூட சட்டப்படி தானா காப்பாளர் ஆக மாட்டாங்க, தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999 படி கலெக்டர் தலைமைல உள்ள கமிட்டி கிட்ட காப்பாளர் சான்று வாங்கணும். பேங்குல கேட்ட பிறகு தான் பாதிப் பேருக்கு இதே தெரியும். அந்த தேசிய அறக்கட்டளையோட நிராமயா மருத்துவ இன்சூரன்சும் இவங்களே போட்டுக் குடுத்தாங்க, வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும், சேர முன்னால மெடிக்கல் டெஸ்ட் இல்ல, ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நாலுக்கும் உண்டு. போடாதவங்க போடுங்க.

அம்மைக்கு வயசு அறுபத்து மூணு. எங்க கமிட்டி மீட்டிங் எதுல ஆரம்பிச்சாலும் கடைசில அங்க தான் போய் நிக்கும், நமக்குப் பிறகு யாரு. ஹோம்ல விட யாருக்கும் மனசு வராது, 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடி மனநலக் காப்பகத்துல சங்கிலில கெடந்த 28 பேரு தீயில செத்தது நம்ம தலைமுறைக்கு மறக்குமா. மனநோய் உள்ளவங்களுக்காக வேல பாக்குற சென்னை பேனியன் அமைப்பு 2015ல இருந்து ஹோம் அகெய்ன்னு ஒண்ணு பண்றாங்க, மனநோயில இருந்து மீண்டு வந்து போக இடம் இல்லாதவங்க நாலஞ்சு பேருக்கு ஊருக்குள்ளயே ஒரு வாடகை வீடு, கூட உதவிக்கு ஒரு ஆள், அவங்களே மார்க்கெட் போறாங்க சமைக்குறாங்க. நம்ம பிள்ளைங்களுக்கும் அது மாதிரி ஒண்ணு யோசிக்கலாமான்னு மேனேஜர் சார் கிட்ட கேட்டோம், வாடகைக்கு வீடு குடுக்க ஊர்ல ஆள் இருக்கான்னு முதல்ல பாருங்கன்னு சொன்னாவ, அது நியாயமான கேள்வி, பாத்துட்டு இருக்கோம்.

மார்க் போடச் சொன்னா டீச்சருக்கு அஞ்சுக்கு அஞ்சு. சாப்பாடு அஞ்சு, வாரத்துல ரெண்டு நாளாவது கஞ்சி போட்டா ஆறு. வண்டி இப்ப நாலு, கமிட்டிக்கு முன்னாடி ஒண்ணரை. டாய்லெட் மூணு, ஒண்ணுல தான் பிடிச்சு எந்திரிக்க கம்பி இருக்கு. கஷ்டம் கூடுன பிள்ளைங்கள சேக்குற விஷயத்துல ரெண்டு, அதுவும் டீச்சர் முகத்துக்காக.

எந்த சென்டர் பாக்கப் போனாலும் சாப்பாட்டு நேரத்துக்கு போகாதீங்க, அப்ப எல்லா இடமும் நல்லா தான் இருக்கும். காலைல பதினோரு மணிக்கு போங்க, பின் ரூம்ல யாரு இருக்கா, என்ன பண்றாங்கன்னு பாருங்க. வண்டி எந்த ரூட்டு, டிரைவருக்கு சம்பளம் எந்தக் காசுல குடுக்கீங்கன்னு கேளுங்க, ஓடிப் போற பிள்ளை, அடிக்குற பிள்ளை எத்தன பேரு இருக்காங்கன்னும் கேளுங்க, ஒண்ணும் இல்லன்னு சொன்னா உஷாரா இருங்க. நாங்க போற இடத்துல இப்ப திங்கள்சந்தை ரூட்டுல ரெண்டு சீட் காலி. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் உள்ளவங்களுக்கு வண்டி கிடையாது, கமிட்டில பேசியாச்சு, டீசல் தூரத்துக்கு கட்டுப்படி ஆகலங்கறாங்க.